தலைவிக்குச் சம்பளம் கிடையாது

2022 மே 22. ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை கூடியிருக்கிறது. உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருதுகளை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் அறிவிக்கிறார். மொத்தம் ஆறு விருதுகள். அதில் ஒன்று இந்தியாவுக்கு. எந்த அமைச்சருக்கு, எந்தச் செயலாளருக்கு என்று தேடாதீர்கள். நம் ஊர் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் பத்து லட்சம் பேருக்கும் சேர்த்து ஒரு விருது. பிரதமர் வாழ்த்தினார். நாடே பெருமைப்பட்டது. பெருமைக்குச் செலவு இல்லை.

அந்தத் தலைவர்களுக்கு அன்றைய தேதியில் மத்திய அரசு நிர்ணயித்திருந்த நிலையான மாதத் தொகை 2,000 ரூபாய். அதைச் சம்பளம் என்று சொல்லிவிடாதீர்கள், அரசு கோபித்துக்கொள்ளும். அது ஊக்கத்தொகை. சம்பளம் ஊழியருக்குத்தான். ஆஷா தன்னார்வலர். ஜெனீவாவில் தலைவர். டெல்லியில் தன்னார்வலர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில், “ஏம்மா, இங்க வா.”

2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு பிறந்தது இந்த ஏற்பாடு. ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா. அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்க வேண்டும். நள்ளிரவில் வலி எடுத்தால் வண்டி பிடித்துக் கூடவே போக வேண்டும். தடுப்பூசிக்குப் பயப்படும் மாமியாரிடம் மல்லுக்கு நிற்க வேண்டும். காசநோயாளி மாத்திரை விழுங்கினாரா என்று பார்க்க வேண்டும். பிறகு இதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதையே கைபேசிச் செயலியிலும் ஏற்ற வேண்டும். ஹரியானாவில் 2021-இல் அரசு கொடுத்த கைபேசியிலேயே அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்காணிக்கும் செயலி இருந்ததை எதிர்த்து ஆஷாக்கள் போராடினார்கள். தன்னார்வலருக்கு வேலை நேரம் கிடையாது. ஆனால் வேவு உண்டு.

கூலிக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. கிராமத்தில் ஒரு கர்ப்பிணியைக் கவனித்து மருத்துவமனைப் பிரசவம் வரை கொண்டு சேர்த்தால் 600 ரூபாய். பிறந்த சிசுவை 42 நாளுக்குள் ஆறு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் 250 ரூபாய். ஒரு நடைக்கு என்ன ஆகிறது என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கை கூசுகிறது. வேலை முடிந்தால்தான் காசு. ஒன்பது மாதம் இவள் அலைந்து பார்த்துக்கொண்ட பெண் கடைசி வாரத்தில் தாய்வீட்டு ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டால், கூடப் போனதற்கான பணம் கிடையாது. இவள் அலைந்தது தன்னார்வத்தில் சேர்ந்துவிடும்.

பலன்? 2004-06-இல் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 254 தாய்மார்கள் செத்தார்கள். 2021-23-இல் அது 88. ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் சாவது 2005-இல் 58. 2023-இல் 25. சாலை வந்தது, 108 வந்தது, மருத்துவமனை வந்தது, எல்லாம் சரி. ஆனால் வீட்டுக் கதவைத் தட்டியது யார்? இந்த எண்களை வண்ணப் படமாக்கித் திரையில் ஓட்டிய அதிகாரிகள் பதவி உயர்ந்தார்கள். கதவைத் தட்டியவள் அடுத்த கதவுக்குப் போனாள்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் 22, மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டினோம். ஏப்ரல் 5, இரவு ஒன்பதுக்கு விளக்கேற்றினோம். மே 3, விமானப் படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூத் தூவின. கீழே என்ன நிலவரம்? கல்கத்தாவில் பாதுகாப்பு உடைக்குப் பதில் மழைக்கோட்டு கொடுத்தார்கள். ஹரியானாவில் முகக் கவசம் கிடைக்காமல் ஒரு டாக்டர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வானத்திலிருந்து பூப் போட முடிந்த அரசுக்குத் தரைவழியாகக் கையுறை அனுப்ப வழி தெரியவில்லை. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்த ஆஷாக்களுக்குக் கூடுதலாக மாதம் 1,000 ரூபாய். நாள் ஒன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய்க்குத் தொற்று.

அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: சுகாதாரப் பணியாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள்? சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மத்திய அரசிடம் அந்தக் கணக்கு இல்லை என்று பதில் வந்தது. பூத் தூவும்போது சுகாதாரம் எந்தப் பட்டியலில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கொதித்துப்போன இந்திய மருத்துவச் சங்கம் இறந்த 382 டாக்டர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. டாக்டருக்காவது சங்கம் எண்ணியது. ஆஷாவை யார் எண்ணினார்கள்?

இது டெல்லியின் குணம், நல்லாட்சி நடக்கும் மாநிலம் வேறு மாதிரி என்று சொல்வீர்கள். வாருங்கள், கேரளத்துக்குப் போவோம். சுகாதாரத்தில் நாட்டுக்கே பாடம் நடத்தும் மாநிலம். அப்போது அங்கே இடதுசாரிகளின், அதாவது தொழிலாளர் கட்சியின் ஆட்சி. 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் எதிரே ஆஷாக்கள் உட்கார்ந்தார்கள். மாநிலம் தந்த மதிப்பூதியம் 7,000. அவர்கள் கேட்டது 21,000. அதாவது நாளுக்கு 700 ரூபாய். ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்தால் 13,000 வரை வருகிறதே என்றது அரசு. வரட்டும். அதே கேரளத்தில் அந்த ஆண்டு நூறு நாள் வேலையின் தினக்கூலி 369 ரூபாய். மதிப்பூதியத்தை முப்பது நாளுக்குப் பிரித்தால் 233. மண் வெட்டுவதற்கு இருக்கும் மதிப்பு மதிப்பூதியத்துக்கு இல்லை.

மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை விடிகாலையில் போலீஸ் அவிழ்த்தது. மத்திய அமைச்சர் சுரேஷ் கோபி வந்து குடையும் மழைக்கோட்டும் கொடுத்தார். மத்திய அரசின் அமைச்சர்! ஊக்கத்தொகையை உயர்த்த வேண்டிய அரசில் இருப்பவர் குடை கொடுக்கிறார். தொழிலாளர் கட்சி அரசு தார்ப்பாயை எடுக்கிறது. டெல்லி பணம் தரவில்லை என்றது திருவனந்தபுரம். எல்லாம் கொடுத்தாயிற்று என்றது டெல்லி. இந்தப் பந்தாட்டத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று: ஆஷா ஊழியர் அல்ல என்பதில்.

ஐம்பதாவது நாள் அந்தப் பெண்கள் நடுத்தெருவில் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். சிலர் மொட்டையடித்துக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்கும் மேல் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததற்குப் பலன், மாதம் 1,000 ரூபாய் உயர்வு. நவம்பர் 1 அன்று தலைமைச் செயலகப் போராட்டத்தை முடித்தார்கள். அதே நாள், அதே ஊரில், கேரளத்தில் அதிதீவிர வறுமை ஒழிந்துவிட்டது என்று முதலமைச்சர் விழா எடுத்து அறிவித்தார். வறுமை ஒழிந்த செய்தியை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர் சிரிக்க வேண்டாம். கொரோனாவில் அவசர அவசரமாக இங்கே ஒப்பந்த நர்சுகளை எடுத்தார்கள். மாதம் 14,000 ரூபாய். முன்களப் பணியாளர் என்றோம், தெய்வம் என்றோம். 2022 டிசம்பர் 31-ஓடு 2,000-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். புத்தாண்டில் அவர்கள் தெருவில் இருந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது வந்தது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் பெண்ணின் பதவிப் பெயர் என்ன தெரியுமா? பெண் சுகாதாரத் தன்னார்வலர். கட்சி மாறும், கொடி மாறும், மொழி மாறும். தன்னார்வலர் மாற மாட்டார்.

பணம் இல்லை என்பார்கள். 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22 கணக்குப்படி 1.84-க்கு வந்திருந்தோம். மீதியை நோயாளி தன் பையிலிருந்து கொடுக்கிறான். ஆனால் பெயர்ப்பலகைக்குப் பணம் உண்டு. துணை சுகாதார நிலையங்களை 2018-இல் ‘ஆரோக்கிய நல்வாழ்வு மையம்’ ஆக்கினார்கள். ஐந்தே ஆண்டில் அந்த நல்வாழ்வு சலித்துவிட்டது. 2023-இல் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். பெயின்டுக்கு ஒரு கட்டடத்துக்கு 3,000 ரூபாய் ஒதுக்கீடு. சுவரின் நல்வாழ்வுக்கு 3,000. அந்த மையத்துக்காக வீடு வீடாக நடக்கும் ஆஷாவுக்கு அப்போது 2,000.

இதில் சமத்துவம் பற்றிக் கருத்தரங்கு நடத்துவார்கள். குளிரூட்டிய அரங்கம், குத்துவிளக்கு, முந்திரி பக்கோடா. மேடையில் ஆண்கள். வரவேற்புத் தட்டு ஏந்தி நிற்பது பெண்கள். உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொன்னது: சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவர்களில் சுமார் 70 விழுக்காடு பெண்கள், மேல்பதவிகளில் அவர்கள் 25 விழுக்காடு. அந்தக் கணக்கைச் சரிசெய்ய ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள் போலும். பத்து லட்சம் பெண்களை ஒரே நாளில் தலைவர்கள் ஆக்கிவிட்டார்கள்.

ஊக்கத்தொகை முறை இவ்வளவு அருமையானது என்றால் அதை மேலேயும் கொண்டுபோகலாம். சுகாதாரச் செயலாளர் முதல் இணை இயக்குநர் வரை எல்லோரும் இன்று முதல் தன்னார்வலர்கள். கையெழுத்திட்ட ஒவ்வொரு கோப்புக்கும் 100 ரூபாய். கோப்பில் சொன்ன மருந்து நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. ஆய்வுக் கூட்டத்துக்கு 150. கூட்டத்தில் எடுத்த முடிவு நடந்திருந்தால். அமைச்சர் ரிப்பன் வெட்டினால் 250. ஆனால் 42 நாளுக்குள் ஆறு முறை திரும்பிப் போய்க் கட்டடம் ஒழுகுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பெட்ரோல் சொந்தக் காசு. இருப்பிடம் காட்டும் செயலி கட்டாயம். பத்தாண்டு உழைத்து ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் கிடையாது. மொத்தமாக 50,000 ரூபாய், ஆஷாவுக்கு 2025-இல் பெரிய மனதோடு உயர்த்திக் கொடுத்த அதே தொகை. ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். கோட்டையில் ஒரு நாற்காலியிலும் ஆள் இருக்காது. துறை மட்டும் வழக்கம்போல் ஓடும். அதை ஓட்டுபவள் வெயிலில் நடந்துகொண்டிருப்பாள்.

இது தெரியாமல் நடப்பதல்ல. 2013-இல் 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஆஷா போன்ற திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். 2015-இல் அடுத்த மாநாடு கூடியது. அதோடு சரி. அதற்குப் பிறகு மாநாட்டையே கூட்டவில்லை. பரிந்துரையை நிறைவேற்றுவதைவிட மாநாட்டை நிறுத்துவது செலவு குறைவு. ஆனால் 2025 ஜனவரியில் எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒப்புதல் தர அமைச்சரவைக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. நிரந்தர ஊழியருக்கு ஊதியம் கூடட்டும், பொறாமை இல்லை. அவர்களிடம் மட்டும் ஏன் ‘சேவை மனப்பான்மை’யை யாரும் கேட்பதில்லை?

விடை எல்லோருக்கும் தெரியும். பிள்ளையைப் பார்ப்பது, நோயாளியைப் பார்ப்பது, வாசல் வாசலாகப் போய்ப் பேசுவது எல்லாம் வீட்டில் பெண்கள் சும்மா செய்கிற வேலைகள். அரசும் வீட்டுக்காரனைப்போலவே நடந்துகொள்கிறது. வேலையை வாங்கிக்கொண்டு, “நீதான்மா இந்த வீட்டுக்கே மகாராணி” என்கிறது.

அடுத்த விருது எப்படியும் வரும். விழா நடத்தப்போகும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சால்வையும் கேடயமும் வேண்டாம். ஊழியர் என்ற இடத்தில் அவள் பெயர் போட்ட ஒரு சம்பளச் சீட்டைக் கொடுங்கள். அது முடியாது என்றால் மைக்கைப் பிடித்து ஒரே ஒரு உண்மையைச் சொல்லுங்கள்: “இந்த விலைக்கு ஆம்பளை எவனும் வரமாட்டான், அதனால்தான் உங்களைத் தலைவி ஆக்கினோம்.” கைதட்டுவதா, செருப்பைத் தேடுவதா என்பதை அவர்கள் முடிவுசெய்துகொள்ளட்டும்.