கெவினைத் தனியே விடாமை: ஒரு முன்னாய்வு

கெவின் என்ற ஐரிஷ் பெயரைத் தாங்கியவர்கள் தாமாகத் தனிமையை நாடினாலும், பிறரால் தனிமையில் விடப்பட்டாலும், சற்று நேரத்தில் அவர்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இதை இதுவரை எவரும் ஆராயவில்லை. தலைக்கு மேல் வேலை இருப்பவர்கள் ஆராயத் தேவையும் இல்லை; அதற்கென்றே எங்களைப் போன்றோர் இருக்கிறோம்.

முதல் தரவு, பெயருக்கே மூலவரான புனித கெவின். ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் விக்லோ மலைகளுக்கு நடுவே இரண்டு ஏரிகள் கொண்ட கிளெண்டலோ பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். மனித வாடையே வேண்டாம் என்று, மேல் ஏரியின் கரைப்பாறையில் ஒருவர் முடங்கிப் படுக்கும் அளவே உள்ள குகையில் தங்கினார் என்பது மரபு. நடந்தது என்ன? சீடர்கள் வந்தார்கள். சீடர்களைப் பார்க்க வேறு சீடர்கள் வந்தார்கள். காலப்போக்கில் அந்த இடம் ஒரு மடாலய நகரமாகவே ஆகிவிட்டது. பின்னாளில் எழுந்த சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. பறவைகள்கூட அவரை விடவில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒரு கரும்பறவை உள்ளங்கையில் முட்டையிட்டதாம். குஞ்சு பொரிக்கும் வரை அவர் கையை மடக்கவில்லையாம். இது பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெரால்டு ஆஃப் வேல்ஸ் எழுதிவைத்த கதை. வாடகை இல்லை, முன்பணம் இல்லை, கையிலேயே குடித்தனம்! பக்தர்கள் இதைக் கருணைக்குச் சான்றாகக் கொள்வர். யாம் எமது கருதுகோளுக்குச் சான்றாகக் கொள்கிறோம்.

அற்றேல், ஒரு துறவியை வைத்து உலகத்துக் கெவின்கள் அனைவரையும் அளப்பது தகுமோ எனின், தகும். 1990 நவம்பரே அதற்குச் சாட்சி. அந்த ஒரே மாதத்தில் அமெரிக்காவில் இரண்டு படங்கள் வெளியாயின. ‘ஹோம் அலோன்’ படத்தில் கெவின் மெக்காலிஸ்டர் என்ற எட்டு வயதுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டுக் குடும்பம் விமானம் ஏறுகிறது. தனியாக இருக்கிறானே என்று நாம் இரங்கி முடிப்பதற்குள் இரண்டு திருடர்கள் துணைக்கு வந்துவிடுகிறார்கள். ‘டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்’ படத்தில் கெவின் காஸ்ட்னர் எல்லைப்புறக் காவல் நிலை ஒன்றில் ஒற்றைச் சிப்பாயாகக் கிடக்கிறார். முதலில் ஓர் ஓநாய் வருகிறது, பிறகு லகோட்டா மக்கள் வருகிறார்கள், கடைசியில் ஏழு ஆஸ்கர் விருதுகள் வருகின்றன. இரண்டையும் தற்செயல் என்பவர்கள் ஆய்வுத் துறைக்குத் தகுதியற்றவர்கள்.

கவனிக்க: கெவினை மறந்துவிட்டு அந்தக் குடும்பம் போன ஊர் பாரிஸ். ஏற்கெனவே ஏறுமுகத்தில் இருந்த அந்தப் பெயரை 1990களின் தொடக்கத்தில் பிரான்ஸ் அள்ளி எடுத்துக்கொண்டது. ஆண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களில் அது முதலிடத்துக்கே போனது. ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக வைப்போம் என்று நினைத்த பெற்றோர், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த அன்றே வகுப்பில் இன்னும் சில கெவின்களைச் சந்தித்திருப்பார்கள். இங்கேதான் விஷயம் சற்றுக் கசக்கிறது. பெயர் பரவியதும் மேட்டுக்குடி மூக்கைச் சுளித்தது. ஜெர்மனியில் 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைப் பற்றிக் கருத்துக் கேட்டது. கெவின் என்பது பெயரே அல்ல, அது ஒரு நோய்க்குறிப்பு என்று ஓர் ஆசிரியர் எழுதினார். அந்த வாசகம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பையன் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே மதிப்பெண் போட்டுவிடும் ஆசிரியர்களுக்கு வைத்தியம் பார்ப்பது எமது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அவசியமானது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

அடுத்தவர் நடிகர் கெவின் பேக்கன். 1994இல் பென்சில்வேனியாவின் ஆல்பிரைட் கல்லூரி மாணவர்கள் மூவர், எந்த நடிகரையும் கூட நடித்தவர், அவரோடு நடித்தவர் என்று பிடித்துக்கொண்டே போனால் ஆறு படிக்குள் பேக்கனிடம் வந்து சேரலாம் என்று ஒரு விளையாட்டைக் கட்டினார்கள். தம்மைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் அவர் முதலில் எண்ணினார். பிறகு தப்ப வழியில்லை என்று கண்டு, 2007இல் அந்த ‘ஆறு படி’ப் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். உலகத்தோடு உறவு இல்லை என்று இந்தக் கெவின் சொல்லவே முடியாது. கணக்கு அவருக்கு எதிராக இருக்கிறது.

அயர்லாந்து விடுதலைப் போராளி கெவின் பாரியிடம் வரும்போது கேலியைக் கழற்றி வைக்கிறோம். டப்ளினில் மருத்துவம் படித்த அந்தப் பதினெட்டு வயது இளைஞனை 1920 நவம்பர் 1 அன்று மவுண்ட்ஜாய் சிறையில் ஆங்கிலேய அரசு தூக்கிலிட்டு, சிறை வளாகத்துக்குள்ளேயே புதைத்தது. 2001இல் அயர்லாந்து அவன் எச்சத்தை எடுத்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. தெருவெல்லாம் மக்கள் நின்றார்கள்.

இனி விளையாட்டு. 2011 மார்ச் 2, பெங்களூரு சின்னசாமி மைதானம், உலகக் கோப்பை. இங்கிலாந்து 327 ரன் எடுத்திருந்தது. அதில் 59 எடுத்தவர் ஒரு கெவின்தான், பீட்டர்சன். அயர்லாந்து 111 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்த நிலையில், தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கெவின் ஓப்ரையன் ஏறக்குறையத் தனியாளாக நின்றார். 50 பந்தில் சதம், மொத்தம் 63 பந்தில் 113. உலகக் கோப்பையில் அதுவரை இல்லாத வேகம். அலெக்ஸ் கியூசாக் துணைக்கு வந்து ஆறாவது விக்கெட்டுக்கு 162 ரன் சேர்த்தார். மூன்று விக்கெட்டில் வெற்றி. அதன்பின் இந்தியாவில் அயர்லாந்து அணிக்கு ரசிகர் பஞ்சம் இருந்ததில்லை.

ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டை 2010இல் சொந்தக் கட்சியே தனிமைப்படுத்தியதே என்பர் மறுப்போர். அதே கட்சி 2013இல் அவரைத் திரும்ப அழைத்துப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்ததை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கடைசித் தரவு புதியது. பிரான்சு தேசிய அவைக்குள் கெவின் என்ற பெயர் முதன்முதலாக நுழைந்தது 2022இல். அப்போதும் ஒருவர் அல்ல, ஒரே கட்சியிலிருந்து இருவர்: கெவின் பெஃபர், கெவின் மோவியூ. இதற்கு மேலும் ஐயம் உள்ளவர்கள், தனியாக விடப்பட்டு இன்றுவரை தனியாகவே இருக்கும் ஒரே ஒரு கெவினையாவது கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள். நீங்கள் கண்டுபிடித்த கணமே அவர் தனியாக இல்லை என்பதையும் கணக்கில் கொள்க.