மழைக்கோட்டும் வராத மழையும்: விளாத்திகுளம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கரிசல் எழுத்தாளர்கள் தங்கள் மண்ணில் எழுதாமல் விட்டது கொஞ்சம்தான். பூமணி தம் நாவல் ஒன்றுக்கு ‘வெக்கை’ என்றே பெயர் வைத்தார். கண்மாயை நடுவில் வைத்து சோ. தர்மன் எழுதிய ‘சூல்’ 2019இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கு அகராதியே போட்டுக் கொடுத்தார். இத்தனை பேர் இருந்தும், ஸ்கூட்டர் டிக்கிக்குள் நாலாக மடித்த மழைக்கோட்டு ஒன்று வருஷக்கணக்கில் மழைக்காகக் காத்துக் கிடப்பதை யாரும் பொருட்படுத்தியதாக என் கண்ணில் படவில்லை. புலம் தரிசாகக் கிடந்தது. எனவே உழத் துணிந்தேன்.

ஆய்வின் எல்லை மேற்கே எட்டயபுரம், வடக்கே புதூர், தெற்கே குளத்தூர், கிழக்கே வேம்பார்க் கடற்கரை. மையம் விளாத்திகுளம் பஜார். குடை வைத்திருப்போர் இவ்வாய்வில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. காரணம், குடைக்கு வெயில் என்றொரு நிரந்தர உத்தியோகம் உண்டு. சித்திரை மாதத்து மதியத்தில் குடை இல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போகும் பெரியவரைப் பார்ப்பது அரிது. மழை பொய்த்தாலும் குடைக்குப் பிழைப்பு ஓடும். மழைக்கோட்டு அப்படியல்ல, ஒரே வேலைக்கென்று பிறந்தது. அந்த வேலை வராவிட்டால் அதற்கும் அதை வாங்கியவருக்கும் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வழியில்லை.

வாங்கும் முறையைப் பார்ப்போம். நனைவதற்கு முன்னால் மழைக்கோட்டு வாங்கியவர் எவரும் இவ்வட்டாரத்தில் அகப்படவில்லை. முழுக்க நனைந்து, சட்டைப்பையில் இருந்த செல்போனும் நனைந்து, அதற்காக வீட்டில் ஏச்சும் வாங்கிய பிறகே கடைக்குப் போகிறார்கள். கடைக்காரரும் அந்த வாரம்தான் சரக்கை வாசலில் தொங்கவிடுகிறார். ஆக, மழைக்கோட்டு என்பது எப்போதும் பெய்து முடிந்த மழைக்காக வாங்கப்படுவது. இதை இவ்வாய்வின் முதல் விதியாகக் கொள்க. இரண்டாம் விதி கிடையாது. முதல் விதியே போதுமான கஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறது.

சான்றுக்கு 2015ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 53 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. சென்னையை மூழ்கடித்த அந்தப் பருவத்தில் நனைந்த பிறகே பலர் இங்கே மழைக்கோட்டு வாங்கினார்கள். அடுத்து 2016 வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய மாநிலத்தில் 17 சென்டிமீட்டர்கூட முழுதாகப் பெய்யவில்லை. 62 சதவீதம் பற்றாக்குறை. அக்டோபரில் கியான்ட் என்றொரு புயல் உருவாகி, ஆந்திரப் பக்கம் போய்க் கடலிலேயே கரைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் நாடா, காரைக்கால் பக்கம் வலுவிழந்து கரையேறியது. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா நேராகச் சென்னைக்குப் போனது. மூன்றுக்கும் பெயர் இருந்தது, மூன்றிலும் விளாத்திகுளத்துக்குப் பங்கு இல்லை. வானிலை வரைபடத்தில் வெள்ளைச் சுழல் வடக்கே திரும்பும்போதெல்லாம், மழைக்கோட்டுக்காரர் டிவிக்கு முன்னால் “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று கை காட்டியிருக்கிறார். 2017 ஜனவரியில் அரசு வறட்சியை அறிவித்தது. விளைச்சல் போனவருக்கு நிவாரணம் உண்டு. மழைக்கோட்டு வாங்கிப் போடாமல் வைத்திருப்பவருக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது.

இனிப் பொருளின் இயல்பு. நீர் புகாத துணிக்கு கிளாஸ்கோ நகரத்து சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை வாங்கினார். ரப்பரை நாப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசுவது அவர் முறை. ஸ்காட்லாந்து மழைக்கு அது தாங்கியது, ஆனால் வெயில் பட்டால் பிசுபிசுத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கும் வித்தை வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது என்று அறிவியல் வரலாறு சொல்கிறது. விளாத்திகுளத்தில் தீரவில்லை. இன்றைய கோட்டில் ரப்பருக்குப் பதில் பிளாஸ்டிக் பூச்சு. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் டிக்கிக்குள் இரண்டு கோடை கிடந்த ஒன்றை ஒரு தகவலாளர் முன்னிலையில் பிரித்துப் பார்த்தேன். முதலில் வாசனை வந்தது: பெட்ரோலும் பழைய செருப்பும் கலந்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இழுத்தபோது பட்டாசுச் சரத்தின் கடைசி நான்கு வெடி வெடிக்கும் ஓசையோடு பிரிந்தன. மடிப்பு விழுந்த கோடெல்லாம் பூச்சு உதிர்ந்து உள்துணி தெரிந்தது. அழுத்துப் பொத்தான்களில் துரு. உள் பையில் மட்டும் புதுக்கருக்கு மாறாத விலைச்சீட்டு. “இன்னும் ஒரு தடவகூடப் போடலையே அண்ணாச்சி” என்றேன். “மழை வரட்டும்லா” என்றார். கோட்டு இப்போது மழையைத் தடுக்குமா என்று நான் கேட்கவில்லை. ஆய்வாளர் தகவலாளரின் நம்பிக்கையில் தலையிடக் கூடாது.

இதற்கு முந்தைய தொழில்நுட்பத்தையும் ஒப்பிட வேண்டும். மழை வந்தால் சம்சாரி சாக்கை ஒரு மூலை மடக்கித் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வார். மழை விட்டதும் அதே சாக்கில் உளுந்து அள்ளுவார். மழை வராவிட்டால் நேராகவே உளுந்து அள்ளுவார். விளையாவிட்டால் அதை விரித்துத் திண்ணையில் படுத்துக்கொள்வார். வேலையில்லாத சாக்கு என்று ஒன்று இல்லை. பொறியியலில் இதைவிட மேலான வடிவமைப்பை நான் அறியேன்.

வேலையில்லாத மழைக்கோட்டுக்கும் மாற்று வேலை தேடிக் கொடுத்திருக்கிறார்கள். பருத்திக்கு மருந்து அடிக்கப் போகிறவர் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போகிறார்; தெறிக்கிற மருந்துக்கு நல்லது, வேர்வைக்குத்தான் பதில் சொல்ல முடியாது. களத்தில் மல்லி மூட்டைக்கு மேல் போடுகிறார்கள். மக்காச்சோளக் காட்டில் பன்றியை விரட்ட நிறுத்திய பொம்மைக்கு ஒருவர் முழு உடுப்பையும் மாட்டிவிட்டார். காட்டுப்பன்றி அதன் காலடியிலேயே மேய்ந்துவிட்டுப் போனதாகக் கேள்வி. பேண்டின் கதி தனி. கோட்டுடன் தரப்படும் அந்தக் கால்சட்டையைச் செருப்போடு மாட்ட முடியாது. செருப்பைக் கழற்றினால் கரிசல் சகதி காலில் அப்பும். ஒற்றைக் காலில் நின்று மாட்டி முடிப்பதற்குள் மழை ஓட்டப்பிடாரம் தாண்டியிருக்கும். எனவே பேண்டு, உறை பிரிக்காத நிலையிலேயே அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இந்தத் துயரம் விளாத்திகுளத்துக்கு மட்டும் உரியதா என்று கேட்கலாம். இல்லை. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்டு 1920களில் பனியை வாரி வீசும் எந்திரத்தை உருவாக்கினார். இன்று டொரான்டோ ஸ்கார்பரோவில் தமிழர் வீட்டு கராஜிலும் அதன் சிறிய வடிவம் நிற்கிறது. பனி கொட்டாத குளிர்காலத்தில் அதை வாங்கியவர் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்து பார்த்து, அணைத்துவிட்டு உள்ளே போகிறார். ஆனால் அவருடைய தனிமை வேறு. பனி வர வேண்டும் என்று அவர் நினைப்பதைத் தெருவில் வெளியே சொல்ல முடியாது, அண்டை வீட்டார் மண்வெட்டியோடு வருவார்கள். விளாத்திகுளத்து மழைக்கோட்டுக்காரர் மழை வேண்டும் என்று உரக்கவே சொல்லலாம். புரட்டாசியில் விதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மானாவாரிச் சம்சாரிகள் முழு வட்டத்திலும் அவர் கட்சி. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்காரரும், வேம்பார் உப்பளத்துக்காரரும், சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போட்டவரும் மட்டும் எதிர்க்கட்சி.

இங்கே ஒரு கோட்பாட்டை முன்வைக்கிறேன். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கிறது. அதே ஆண்டுகளில் வட அமெரிக்காவின் வடபகுதிக்குக் குளிர் குறைகிறது. 2015இல் இங்கே மழை கொட்டியது. அந்தக் குளிர்காலம் அமெரிக்காவில் அதுவரை பதிவானவற்றிலேயே வெதுவெதுப்பானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தின் வருஷக் கணக்கே 65 சென்டிமீட்டர் அளவுதான். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்கா 2015-16இன் சாதனையையும் முறியடித்தது, கனடாவிலும் குளிர் சாதனை அளவுக்குக் குறைந்தது. அதாவது இங்கே மழைக்கோட்டு விற்றுத் தீர்ந்த அதே மாதத்தில் அங்கே பனி எந்திரம் சும்மா நின்றது. இருவரும் ஒரே கடலிடம் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வரவு வைத்தால் மற்றவருக்குப் பற்று. சான்று இரண்டுதான் என்று குறை சொல்வோர், ஒரு சான்றுகூட இல்லாமல் டாக்டர் பட்டம் வாங்கியவர்களை முதலில் விசாரிக்கட்டும்.

மழையை வரவழைக்கும் வழிகளும் இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. கொடும்பாவி கட்டி ஒப்பாரியோடு இழுப்பது உண்டு, வீடு வீடாக மழைக்கஞ்சி எடுப்பதும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் வரும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு மனம் இரங்கி, அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது, வெள்ளமாகவே, மறுபடி பாடி நிறுத்தினார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. சங்கீத வித்வான்கள் இதில் ராகத்தின் பெருமையைக் காண்கிறார்கள். நான் கவனிப்பது வேறு: அவரோடு வந்த யாரும் மழைக்கு ஒதுங்கியதாக அந்தக் கதையில் இல்லை.

இதுதான் ஆய்வின் கடினமான இடம். நெடுநாள் காத்திருந்து மழை வரும்போது மழைக்கோட்டுக்காரர் அதைப் போட்டுக்கொள்வதில்லை. காய்ந்து பாளம் பாளமாய் வெடித்த கரிசலில் முதல் மழை விழும்போது, ஊரே வாசலில் நிற்கிறது. கிழவிகள் தாழ்வாரத்தில் குடம் வைக்கிறார்கள், பிள்ளைகள் சட்டையைக் கழற்றுகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு, தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? “வந்த மழையில நனையக் கசக்குதாக்கும்” என்று ஒரு அப்பத்தா கேட்டால் போதும், ஆயுசுக்கும் அந்தப் பேச்சு போகாது. பனி எந்திரக்காரர் பனி விழுந்த காலையில் பெருமையாக எந்திரத்தை வெளியே தள்ளுவார். நம்மவருக்கு மழை வராததும் சங்கடம், வந்ததும் சங்கடம்.

இருந்தும் ஒரு மழைக்கோட்டு முறைப்படி பயன்பட்டதை நேரில் பார்த்தேன். ஐப்பசியில் ஒரு மாலை, எட்டயபுரம் சாலையில், சம்சாரி ஒருவர் டிஏபி உர மூட்டையைப் பின்னால் கட்டி மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டி, கோட்டை எடுத்து உதறி, மூட்டைக்கு மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டு, தொப்பிக் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்கினார். பிறகு சட்டை உடம்பில் ஒட்ட நனைந்தபடி கிளம்பினார். அளவு சரியாகத்தான் இருந்தது. கை மட்டும் மூட்டைக்குக் கொஞ்சம் நீளம்.