செக்ரோலில் பேர் விழுந்த ஈஸ்ட்

வாடா பேராண்டி. கொழும்புல புடவைக்கடை வேலைக்குப் போனவன், ஹட்டன்ல பஸ்ஸை விட்டு இறங்கினதுமே பாண் வேணாம், அப்பம் வேணாம்னு கையை ஆட்டினியாமே? எந்தச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு ரத்தம் பார்த்த அந்த ரிப்போர்ட்டைக் காட்டு. அடேயப்பா, தீபாவளிச் சட்டை மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை! ஈஸ்ட்டுக்குச் சிவப்புக் கோடு. இந்தக் கோட்டுக்கு எவ்வளவு குடுத்தே? உங்கம்மா வாங்குற நாள் சம்பளக் கணக்குல, அவ தோட்டத்துல எத்தனை நாள் பேரு போடணும்? வேணாம், சொல்லாதே. அவ காதுல விழுந்துடப்போகுது.

பிளேன்டியையும் ஏன் தள்ளி வைக்கிறே? ஓ, தேயிலை ஸ்டோர்ல 'பெர்மன்ட்' பண்றதால அதுலயும் ஈஸ்ட்டா! முப்பது வருசம் ரோலர் பக்கத்துல நின்னவன்கிட்டயே சொல்றியே. பேருதான்டா அப்படி. கசங்கின கொழுந்து காத்துப் பட்டு, தன் சாத்துல இருக்கிற நொதியாலேயே செம்பு நிறமாகுது. நறுக்கி வச்ச வாழைக்காய் கறுக்கிற கதைதான். ஈஸ்ட்டுக்கு அங்க வேலையே கிடையாது. அதுக்கு வேலை குடுத்தவரு பேக்கர் துரை, 1849ல நுவரெலியாவுல பியர் காய்ச்சினாரே, அவரு. ஆமா, பாணுக்கும் அப்பத்துக்கும் தடை போட்டியே, சம்பள நாள் பியருக்கு மட்டும் எப்படிடா மன்னிப்புக் கிடைச்சது?

கண்டில நர்ஸா இருக்கிற உன் அக்கா எனக்கு விளக்கினா. உன் ரிப்போர்ட் எண்ணினது ரத்தத்துல இருக்கிற ஐஜிஜிங்கிற எதிர்ப்புப் பொருளை. அது நம்ம செக்ரோல் மாதிரி, வந்தவன் பேரெல்லாம் விழும். தினமும் பாண் தின்னா ஈஸ்ட் பேரு விழத்தானே செய்யும்? பேரு விழுந்தவனெல்லாம் கொழுந்துத் திருடனா? இந்தக் கணக்கை வச்சு ஒவ்வாமைன்னு முடிவு கட்டாதீங்கன்னு 2008லேயே ஐரோப்பாவுல ஒவ்வாமை டாக்டருங்க எழுதி வச்சுட்டாங்களாம்.

ஒவ்வாமைக்குச் சத்தம் போடுற வாச்சர் வேற ஆளு, ஐஜிஇ. 1960கள்ல இஷிசாகான்னு ஒரு ஜப்பான் புருசன் பொஞ்சாதியும், சுவீடன்காரங்களும் தனித்தனியாத் தேடிப் பிடிச்சாங்க. அந்த வாச்சரும் சில நேரம் நரிக்குப் பதிலா நிழலைப் பார்த்துக் கத்துவான். அதனாலதான் நல்ல டாக்டர் ஊசியை எடுக்க முன்னாடி, என்ன தின்னே, எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சுன்னு கேப்பாரு. உதடு வீங்கி, தடிப்பு வந்து, மூச்சு முட்டினா அது வேற கதை. ஒரு நிமிசம் தாமதிக்காம டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஈஸ்ட்டால அப்படி ஆகிறது ரொம்ப அபூர்வம்.

உனக்கு என்ன ஆச்சு? வயிறு உப்புது. ராத்திரி பத்து மணிக்குக் கடையைச் சாத்திட்டு, ஒரு இறாத்தல் பாணைப் பருப்புல முக்கி முழுங்கிட்டு அப்படியே சாஞ்சா, வயிறு உப்பாம உன் சம்பளமா உப்பும்?

ரத்தம் பார்த்தே ஆகணும்னா உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போ. மேல் மலைக்கு ஏறினா அவளுக்கு மூச்சு வாங்குது, கண்ணு உள்பக்கம் வெளுத்துக் கிடக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில அதைச் சும்மாவே பார்ப்பாங்க. கலர் கோடு மட்டும் போட்டுத் தரமாட்டாங்க.

சரி, பாட்டி ரொட்டி சுட்டுட்டா. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும்தான், ஈஸ்ட் கிடையாது. சம்பலுக்கும் தேங்காய் துருவிக்கிட்டு இருக்கா. உன் தாள்ல தேங்காய்க்கு என்ன கலருன்னு சீக்கிரம் பார்த்துச் சொல்லு, ஒரு மூடியோட நிறுத்தச் சொல்றேன்.