மாட்யூல் பார்க்கும் படலம்

பொறியியல் கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட்டில் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் யாரும் நம்பிப் படிக்கக் கூடாது. ‘பல்வேறு வயர்லெஸ் தொழில்நுட்பங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்தோம்’ என்று அதில் அட்டவணை சகிதம் எழுதியிருக்கும். 2006-இல் நாங்களும் அப்படித்தான் எழுதினோம். உண்மையில் தேர்ந்தெடுத்தவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர். அவருக்கு அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“என்ன தம்பி வேணும்?”

“வயர்லெஸ் மாட்யூல்ணே.”

“ரோபோவா, ஹோம் ஆட்டோமேஷனா?”

“ரோபோ.”

ஆய்வு முடிந்தது. கண்ணாடி மேசைமேல் சாமான்கள் வரிசையாக வந்து விழுந்தன: 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், எச்டி12இ என்கோடர், எச்டி12டி டீகோடர், ஒன்றுக்கு ஒரு மெகா ஓம், இன்னொன்றுக்கு 51 கே ரெசிஸ்டர். ஆன்டெனாவுக்கு ஒற்றைக் கம்பி வயர். “பதினேழு சென்டிமீட்டர் ஸ்கேல் வச்சு வெட்டுங்க, சாண் கணக்குல வெட்டாதீங்க” என்றார். அலைநீளம் 69 சென்டிமீட்டர், அதில் கால்வாசி 17 சொச்சம் என்ற கணக்கை வகுப்பில் யாரும் எங்களுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டோம். “ஹாலுக்குள்ள நல்லா எடுக்கும்.” வெளியே? “வெளியே ஏன் தம்பி போறீங்க? டெமோ ஹால்லதானே?” சர்க்யூட் ஜெராக்ஸ் இலவசம்.

தாலி கட்டிய பிறகு பத்துப் பொருத்தம் பார்த்த கதையாக, விடுதிக்கு வந்துதான் ஒப்பீட்டு அட்டவணை போட்டோம். புளூடூத் விலை அதிகம், இன்ஃப்ராரெட் நேர்க்கோட்டில்தான் வேலை செய்யும், ஆகவே ஆர்எஃப். எல்லாம் சரியான காரணங்கள்தான். என்ன, சாமான் பைக்குள் வந்து சேர்ந்த பிறகு பிறந்த காரணங்கள்.

அந்த மலிவு ரிசீவருக்கு ஒரு குணம். டிரான்ஸ்மிட்டர் சும்மா இருந்தாலும் அது சும்மா இருக்காது. சிக்னல் இல்லாதபோது தன் உணர்திறனை ஏற்றிக்கொண்டே போய், காற்றில் கிடக்கிற இரைச்சலையெல்லாம் வெளியே கொட்டும். அதற்குக் கடிவாளம்தான் டீகோடர். வருகிற முகவரியைத் தன் முகவரியோடு தொடர்ந்து மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால்தான் கதவைத் திறக்கும். முகவரிக்கு எட்டு பின். 256 விதமாக வைத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் தாளில் எட்டையும் கிரவுண்டில் சேர்த்திருந்தது.

அதே தாளைத்தான் அந்த வருடம் எல்லா டீமும் வாங்கியிருக்கிறது என்பது எக்ஸ்போ அன்று தெரிந்தது. நாங்கள் ஃபார்வர்ட் பட்டனை அழுத்தினால் பக்கத்து மேசைத் தீயணைப்பு ரோபோவும் புறப்பட்டது. எதிர் வரிசையில் நோயாளி இல்லாத சக்கர நாற்காலியும் அசைந்தது. எல்லோரும் ஒரே பேண்டு, ஒரே சிப், ஒரே முகவரி. சிறப்பு விருந்தினர் இதைத் திட்டமிட்ட அணிவகுப்பு என்று நினைத்துக் கைதட்டினார்; துறைத் தலைவர் மறுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு டீமும் பிளேடால் ஒவ்வொரு முகவரி பின்னின் கிரவுண்டை அறுத்துப் பிரிந்தது. டிரான்ஸ்மிட்டரில் அறுத்ததையே ரிசீவரிலும் அறுக்க வேண்டும் என்பதை மறந்த டீமின் வண்டி சாயங்காலம்வரை நகரவில்லை.

இப்போது அக்கா மகள் கடைசி வருடம். இந்தத் தலைமுறைக்குக் கடைக்காரர் தேவையில்லை. மண்ணின் ஈரத்தை அளந்து, காய்ந்தால் பம்ப்செட்டைப் போட்டுவிடும் கருவி. எக்செல் ஷீட்டை அனுப்பினாள். வைஃபை, புளூடூத், ஜிக்பீ, லோரா, ஜிஎஸ்எம் என்று எட்டு வரிசை. தூரம், வேகம், மின்செலவு, விலை என்று கட்டங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் அட்டவணையைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது. சாமான் வாங்குவதற்கு முன்பே போட்டது.

“வயலுக்கும் மோட்டார் ரூமுக்கும் எவ்வளவு தூரம்மா?”

“எந்த வயல், மாமா?”

அதுவும் சரிதான். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் போக வேண்டும், கரண்டா பேட்டரியா, நடுவில் தென்னந்தோப்பா வெட்டவெளியா என்றும் கேட்டேன். அரை மணிக்கு ஒருமுறை ஒரே ஒரு எண் போனால் போதும், பேட்டரி, அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். எட்டு வரிசையில் மிஞ்சியது லோரா. வேகத்தில் அது நத்தை. படம் அனுப்ப முடியாது. ஆனால் ஈரம் என்ன ஓடவா போகிறது? வாங்கும்போது பேண்டைப் பார்த்து வாங்கு என்றேன். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ்வரை, சக்தி வரம்புக்குள் இருந்தால், 2005-இலிருந்து லைசென்ஸ் தேவையில்லை. ஆன்லைனில் அமெரிக்காவுக்கான 915-உம் அதே படத்தோடு விற்கும்.

அவள் டீம் எடுத்தது இஎஸ்பி32. வைஃபை. காரணம்? போன செமஸ்டரில் ஒரு பையன் வாங்கியது அவன் பையிலேயே கிடந்தது.

பையிலிருந்து வந்த போர்டு பையன் புத்தியைக் காட்டியது. சென்சார் தனியாக அழகாக ரீடிங் காட்டும். வைஃபையை ஆன் செய்ததும் உளறும். ராத்திரி வீடியோ காலில் போர்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சென்சார் வயர் 25-ஆம் பின்னில் இருந்தது. அது இரண்டாவது ஏடிசி. வைஃபை ஓடும்போது அந்த ஏடிசியை வைஃபையே எடுத்துக்கொள்ளும். 34-க்கு மாற்றச் சொன்னேன், சரியாயிற்று. அடுத்து, போனின் ஹாட்ஸ்பாட்டே அதன் கண்ணில் படவில்லை. போன் புதுசு, 5 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. இந்தச் சிப்புக்குத் தெரிந்தது 2.4 மட்டும்.

ரிவ்யூ அன்று வயலுக்குப் பதில் ஒரு துளசித் தொட்டி, பம்ப்செட்டுக்குப் பதில் ஒரு குட்டி மோட்டார். இரண்டுக்கும் இடையே அரை அடி. தொட்டி காய்ந்த செய்தி போர்டிலிருந்து போனுக்கு, போனிலிருந்து டவருக்கு, அங்கிருந்து ஏதோ ஒரு தேசத்து சர்வருக்குப் போய், உத்தரவு வாங்கிக்கொண்டு அதே மேசைக்குத் திரும்பி வந்து தண்ணீர் பாய்ச்சியது. தொட்டியில் விரலை வைத்துப் பார்த்த கைடு திருப்தியாகத் தலையாட்டினாராம். நடுவில் டேட்டா தீர்ந்ததும் துளசிக்குத் தண்ணீர் நின்றது. யார் போனில் பாக்கி இருக்கிறது என்று டீம் முழுக்க விசாரணை நடந்தது.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பினாள். மூன்றாம் அத்தியாயத்தில் அதே எக்செல் அட்டவணை. வைஃபை வரிசைக்கு இப்போது பச்சை நிறம், காரணம் ‘எளிதில் கிடைக்கும்’. அதில் மட்டும் பொய் இல்லை.

“லோரா எங்கேம்மா?”

“ஃபியூச்சர் ஸ்கோப்புல போட்டுட்டேன், மாமா.”

எங்கள் ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் ஜிக்பீ இருந்தது.