எஸ்டிமேட் அண்ணாச்சி

கலவை மெஷின் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் முதலில் வருவது நாய். அடுத்து வருவது அண்ணாச்சி. நாய் மணல் குவியலில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். அண்ணாச்சி அதே குவியலில் ஒரு பிடி அள்ளி, இரண்டு விரலால் நசுக்கி, உள்ளங்கையை உதறிப் பார்த்துவிட்டு, "இது எம்-சாண்டு இல்ல. கிரஷர் தூசி" என்பார். கொத்தனார் நிமிர மாட்டார். "அண்ணாச்சி வந்துட்டாவ" என்று மட்டும் சொல்வார். அதற்கு அவர்கள் பாஷையில் என்ன பொருளோ, அடுத்த கலவைக்குச் சித்தாள் அக்கா ஒரு சட்டி சிமெண்டு கூடுதலாகத் தட்டுவாள்.

எம் 20 கான்கிரீட் என்றால் ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இதை அவர் காலையில் திருநீறு பூசும்போதே முணுமுணுப்பார் என்று நினைக்கிறேன். பொறியியல் படித்தவர் இல்லை. கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் இரவு தூக்கம் வராத ஜாதி. சங்கத்தை விட்டு வந்த பிறகு, இடிக்கிற கணக்கைத் தேடித் தெருவுக்கு வந்துவிட்டார்.

கக்கத்தில் மஞ்சள் பை. உள்ளே 5 மீட்டர் டேப், ஆறு அங்குல ஸ்கேல், கோடு போட்ட நோட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை நாலைந்து. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அண்ணாச்சியின் இரண்டாவது வாலிபமும் அந்த வருஷம்தான் தொடங்கியது. காண்ட்ராக்டர் டீ சொன்னால் தொட மாட்டார். "அவன் டீயைக் குடிச்சா நம்ம நாக்கு இளகும். நாக்கு இளகினா கலவை இளகும்" என்று தன் டீக்குத் தானே காசு கொடுப்பார். அந்தக் காசையும் நோட்டில் எழுதுவார்.

2022 உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு செயல் அலுவலர் இருந்தாரோ என்னவோ, ஊருக்கொரு அண்ணாச்சி கட்டாயம் இருந்திருப்பார். ஊருக்கு ஊர் கூப்பிடுகிற முறை மாறலாம். பை மாறாது.

ரோட்டைப் பார்த்தே அது எந்தத் தலைப்பில் போட்டது என்று சொல்லிவிடுகிற கலை அவருக்கு உண்டு. பேரூராட்சியின் பொது நிதியில் போட்டது என்றால் மெலிந்திருக்குமாம், வீட்டுவரி கட்டுகிறவர்களைப் போலவே. மார்ச் மாதம் போட்டது என்றால் இரவில் போட்டிருப்பார்களாம். 31-ஆம் தேதிக்குள் பணத்தைச் செலவழிக்கிற அவசரத்தில் சாணியைக்கூட அள்ளாமல் மேலே தாரை ஊற்றிய இடங்களை எனக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார். ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்த அந்தப் பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், குப்பை என்று குறிப்பிட்ட வேலைகளுக்குத்தான் செலவு செய்ய முடிந்தது. மிச்சம் 40 மன்றத்தின் விருப்பம்.

"அறுபது இருக்கே தம்பி, அது கட்டிப்போட்ட மாடு. கயிறு எட்டுற தூரம்தான் மேயும். நாப்பது அவுத்துவிட்ட மாடு. அது யாரு தோட்டத்துல மேயும்னு உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

நிதி விஷயத்தில் இதைவிடத் தெளிவான உரையை நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரின் நிழற்குடையைப் பற்றி அவரிடம் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு பகல் போய்விடும். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டுக்கென ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உண்டு. அந்தக் கடலில் ஒரு துளி எங்கள் பேருந்து நிறுத்தத்தில் விழுந்து நிழற்குடையானது. ஸ்டீல் தூண், ஸ்டீல் நாற்காலி, உச்சியில் வாழ்த்துகிற முகங்கள். எல்லாம் சரி, மேற்கே பார்த்துக் கட்டிவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வெயில் நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்டீல் நாற்காலியில் வேட்டி கட்டியவர்கூட உட்கார முடியாது. நிழல் என்னவோ விழுகிறது, குடைக்குப் பின்னால், சாக்கடை ஓரமாய். ஜனங்கள் அங்கேதான் நிற்கிறார்கள். பஸ் அதற்கும் முப்பது அடி தள்ளி, வேப்பமரத்தடியில் நிற்கும். டிரைவருக்கும் நிழல் வேண்டாமா?

அண்ணாச்சி இதற்கு எழுதிய மனுக்களைத் தனி ஃபைலாக வைத்திருக்கிறார். ஒன்றுக்கு வந்த பதில்: "நிழற்குடை மதிப்பீட்டில் கண்டுள்ளபடியே அமைக்கப்பட்டுள்ளது." சூரியன்தான் மதிப்பீட்டில் இல்லாத இடத்தில் அஸ்தமிக்கிறது.

மன்றக் கூட்ட நாளில் அவரைப் பார்க்கவேண்டும். வேட்டியும் சட்டையும் இஸ்திரி போட்டது. உள்ளே விடமாட்டார்கள், ஜன்னலோரம் நின்று கேட்பார். நானும் ஒருமுறை பக்கத்தில் நின்றேன். கோடிகளில் ஒரு குடிநீர்த் திட்டம் பொருளாக வந்தது. எழுத்தர் வாசித்தார், மின்விசிறி சுற்றியது, "மன்றம் அங்கீகரித்தது". நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது, காகிதத்தில். அடுத்த பொருள், சந்தைக் கழிப்பறைக்கு இரண்டு கதவு மாற்றுவது. அவ்வளவுதான், மன்றத்துக்கு உயிர் வந்தது! கதவு மரமா, பிளாஸ்டிக்கா? தாழ்ப்பாள் உள்ளேயா, வெளியிலுமா? போன தடவை மாற்றிய கதவு எங்கே? அது யார் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் நிற்கிறது? முக்கால் மணி நேரம். இரண்டு பேர் வெளிநடப்புச் செய்து, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கோடி ரூபாய் எப்படி இருக்கும் என்று அங்கே யாரும் பார்த்ததில்லை. கதவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வார்டு உறுப்பினர் ஒரு பெண். 2016-இலேயே உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று சட்டம் செய்தாகிவிட்டது. அந்தச் சட்டத்தால் அவர் கணவரும் ஜன்னலோரம்தான் நிற்கவேண்டியிருக்கிறது, அண்ணாச்சிக்குப் பக்கத்தில். உள்ளே இருக்கும் மனைவிக்கு அவர் கண்ணால் ஜாடை காட்டுவார். அந்த அம்மா பார்த்தும் பார்க்காதது மாதிரி கை தூக்குவதில் தேர்ந்துவிட்டார். இதை நான் ரசித்ததுபோல அண்ணாச்சி ரசிக்கவில்லை. அவர் கண் அஜெண்டாவில் இருந்தது.

ஒருமுறை சுற்றுலா போய் உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாதம் வேறு பேச்சில்லை. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், குடவோலையில் யார் பெயர் எழுதலாம், யார் பெயர் எழுதக்கூடாது என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக்கூடாது. அதோடு விட்டார்களா? அவன் சொந்தக்காரர்கள் பெயரையும் எழுதக்கூடாது. "மச்சினனும் கூடாதுன்னு ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கான் பாத்தியளா?" என்று அவர் கேட்டபோது எங்கள் ஊர்க் காண்ட்ராக்டர்கள் ஒவ்வொருவரும் யாருக்கு என்ன முறை என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முழுதும் ஓட்டினால் பேரூராட்சியே காலியாகிவிடும்.

இன்றைக்கும் கல்வெட்டு வைக்கிறோம். அடிபம்பைத் தூக்கிவிட்டு மோட்டார் வைத்தபோது அதற்கு ஒரு கிரானைட் கல். தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றி என்று 17 பெயர்கள். அண்ணாச்சி எண்ணினார். மோட்டார் ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. கல் நன்றாக இருக்கிறது, பெண்கள் குடத்தை இறக்கி வைக்கத் தோதான உயரம்.

அவரும் தேர்தலில் நின்றவர்தான், சுயேச்சையாக. பெற்றது 31 ஓட்டு. செலவை 31-ஆல் வகுத்து, ஓட்டு ஒன்றுக்கு என்ன அடக்கம் என்று நோட்டில் எழுதியிருக்கிறார். கள ஆய்வில் 31 பேரில் 22 பேரைக் கண்டுபிடித்துவிட்டாராம். மிச்சம் ஒன்பது பேர் யார் என்பது தெரியாமல் நிலுவையில் இருக்கிறது.

அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கான்கிரீட் போட்டுவிட்டுக் காண்ட்ராக்டர் போய்விட்டால், அதை ஒரு வாரம் நனைப்பது யார்? அண்ணாச்சி. சாக்கு விரித்து, தன் வீட்டுக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். நாலு நாளைக்கு ஒருதடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில், பிடித்து வைத்ததைத் தெருவுக்கு ஊற்றுகிற மனிதரை மதினி என்ன சொல்வாள் என்பதை இங்கே அச்சிட முடியாது. எங்கள் தெருவில் வெடிக்காமல் இருக்கிற ஒரே சிமெண்டுத் தரை அவர் நனைத்த பகுதிதான்.

இப்போது வாறுகால் கதைக்கு வருகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் போகவும் மூன்று படி ஏறவேண்டும். ரோட்டின்மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, இப்போது ஒரு படி இறங்கவேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த நகல் மஞ்சள் பையில் பத்திரமாக இருக்கிறது. ரோடுதான் அதைப் படிக்கவில்லை. மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க அண்ணாச்சி வாசலை உயர்த்தினார். வாசல் உயர்ந்ததால் படி தெருப் பக்கமாக நீண்டது. "ரோடு ஒசந்தா படி நீளாதா?" என்பது அவர் கட்சி. நியாயம்தான்.

ஆறு வருஷம் மனுப் போட்டு அவரே வாங்கிவந்த வாறுகால் வேலை அது, கட்டிப்போட்ட மாட்டுக் கணக்கில். தெருமுனையில் தொடங்கி வீடு வீடாக வந்தார்கள். எதிர்வீட்டுத் திண்ணையை ஒன்றரை அடி இடிக்கவேண்டும் என்று டேப் பிடித்துச் சொன்னவரே அண்ணாச்சிதான். நாலாம் நாள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு இளநிலைப் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் படியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, படியை எடுத்தாத்தான் வாறுகால் நேராப் போகும்."

"எஸ்டிமேட்ல என் படி இருக்கா?"

"இல்ல."

"இல்லாததை எடுக்க உங்களுக்கு எங்க அதிகாரம் இருக்கு?"

பொறியாளர் சின்ன வயசு. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அங்கே 11 அடியை விட்டுவிட்டு அடுத்த வீட்டிலிருந்து தொடர்ந்தார்கள். தெருத் தண்ணீர் எல்லாம் ஓடி வந்து அண்ணாச்சி வாசலில் தங்கி, இளைப்பாறி, கொசுவாகிப் பறக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தன் அரைத் திண்ணையில் உட்கார்ந்து அதைத் தினமும் சாயங்காலம் பார்க்கிறார்.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? வில்லை ஒட்டி மனுப் போட்டார்: "மேற்படி வாறுகால் பணி முழுமை பெறாததற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்." போன வாரம் பதிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மனுதாரரின் வீட்டுப் படிக்கட்டுகள் மூன்றும் வாறுகால் பாதையில் ஆக்கிரமிப்பாக உள்ளதால் பணி நிலுவையில் உள்ளது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முப்பது நாள் டைம். இருபத்தெட்டாவது நாளே வந்துட்டு பாத்தியளா? கேக்கிற மாதிரி கேட்டா ஆபீசு வேலை பாக்கும் தம்பி." பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 'மூன்றும்' என்ற சொல்லைச் சுழித்தார். "ஆனா தகவல் தப்பு. படி ரெண்டுதான். மேல்முறையீடு போடணும்."

நேற்று போட்டுவிட்டார்.