ஆயில் கூலர் பொருத்துதல்: தேவையும் ஆசையும் ஒழுகலும் – ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவருக்கு, அதைச் செய்த கம்பெனி எதையோ விட்டுவிட்டது என்ற சந்தேகம் வெகு சீக்கிரம் வந்துவிடும். முதலில் சைலன்சரை மாற்றுவார். பிறகு சக்கரம். பிறகு ஸ்டியரிங். வெளியே மாற்ற ஒன்றும் பாக்கியில்லை என்றானதும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நிற்பார். அந்த நிலையில் உதிக்கும் ஞானத்துக்குத்தான் ஆயில் கூலர் என்று பெயர். அதைப் பொருத்துவதன் தேவை, முறை, பின்விளைவு ஆகியவற்றை முறைப்படி ஆராய்ந்து நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: பெட்ரோல் எஞ்சின், இரண்டு கதவு, மாமியாரை ஏற்றிச் செல்ல இயலாத பின்சீட்டு. லாரியிலும் டிராக்டரிலும் ஆயில் கூலர் உண்டு. ஆனால் அவற்றில் எவரும் ஆசைப்பட்டுப் பொருத்துவதில்லை என்பதால் அவை ஆய்விலிருந்து விலக்கப்பட்டன.

கருதுகோள்: ஆயிலின் சூட்டை ஒருமுறைகூட அளந்து பார்க்காமலே ஆயில் கூலர் வாங்குகிறவர்கள்தாம் அதிகம்.

2. ஆயிலின் குணநலன்

எஞ்சின் சூட்டைத் தண்ணீர்தான் தணிக்கிறது என்பது பொதுமக்கள் கருத்து. அது பாதி உண்மை. தண்ணீர் சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டுக்குள்ளும் ஓடுவதோடு சரி. கிராங்க் பேரிங், கேம்ஷாஃப்ட், பிஸ்டனின் அடிப்பாகம் போன்ற இடங்களுக்கு ஆயில்தான் போயாக வேண்டும். போய், வழவழப்புத் தருவதோடு அங்குள்ள சூட்டையும் சுமந்துகொண்டு, சம்ப் என்ற அடித்தொட்டியில் வந்து விழுகிறது. சம்பளம் ஒன்று, வேலை இரண்டு.

சூடு ஏற ஏற ஆயில் இளகும். 20டபிள்யூ-50 ரக ஆயிலின் பிசுபிசுப்பு 40 டிகிரி செல்சியஸில் சுமார் 160 சென்டிஸ்டோக்ஸ். 100 டிகிரியில் 18 அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேலும் சூடேறினால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கும் சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலம் இன்னும் மெலியும். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் இறங்கும். காரின் சொந்தக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

இதனால் ஆயில் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று கொள்ளலாமோ எனின், கூடாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாமல் மிஞ்சும் பெட்ரோலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி சம்ப்புக்குள் கசிகின்றன. ஆயில் 90, 100 டிகிரி என்று சூடேறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். இல்லாவிட்டால் அங்கேயே குடியிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால், அதன் அடியில் வெளிர் மஞ்சளாகக் கொழகொழவென்று ஒரு பசை அப்பியிருக்கும். ஆகவே, 90 முதல் 110 டிகிரி வரை ஆயிலுக்குச் சுகமான வாசம். 120க்கு மேல் நெடுநேரம் நிற்பது கவலைக்குரியது. 70க்குக் கீழேயே ஓடிக்கொண்டிருப்பதும் கவலைக்குரியதே. அந்தக் கவலையை மட்டும் யாரும் படுவதில்லை.

3. மூன்று சான்றுகள்

முதல் சான்று, எம்.ஜி.பி. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட பிரிட்டிஷ் கார். எஞ்சின் 1798 சி.சி. ஆரம்பத்தில் வெளிநாட்டுக்குப் போன கார்களுக்குக் கம்பெனியே ஆயில் கூலரைப் பொருத்தி அனுப்பியது. உள்ளூர்க்காரர்கள் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். 1964இல் ஐந்து பேரிங் கொண்ட எஞ்சின் வந்ததும் உள்ளூர்க்காரர்களுக்கும் அது கிடைத்தது. எஞ்சினின் பின்பகுதியிலிருந்து புறப்படும் ஒரு ஹோஸ் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கூலருக்குப் போகும். இன்னொன்று அங்கிருந்து திரும்பி ஃபில்டருக்கு வரும். இடையில் தெர்மோஸ்டாட் எதுவும் கிடையாது. எனவே தை மாதக் குளிரிலும் ஆயில் முழுவதும் கிரில்லுக்குப் பின்னால் நின்று காற்று வாங்கிவிட்டுத்தான் உள்ளே போகும். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் எம்.ஜி.பி. வைத்திருக்கும் விவரமானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கூலரின் முகத்தை அட்டையால் மூடிவிடுகிறார்கள். ஒரு கருவியைப் பொருத்தி, பிறகு அது வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்ளும் இந்த வழக்கம் தனியாக ஆராயத்தக்கது.

இரண்டாம் சான்று, போர்ஷே 911. பழைய 911இல் தண்ணீரே இல்லை. 1963இல் அறிமுகமானது முதல் 1990களின் பிற்பகுதி வரை இந்த வரிசை எஞ்சின்கள் காற்றாலும் ஆயிலாலுமே குளிர்ந்தன. ஆகவே இங்கே ஆயில் கூலர் ஆடம்பரம் அன்று. அது இல்லாமல் கார் இல்லை. எஞ்சின் மேலேயே ஒரு கூலர் உண்டு. அது போதாதென்று 1969 மாடல் 911 எஸ்ஸில் வலது முன்பக்க ஃபெண்டருக்குள் இன்னொன்றை வைத்தார்கள். எஞ்சினோ காரின் பின்கோடியில். ஆயில் காரின் நீளம் முழுக்க முன்னால் போய், குளிர்ந்து, மறுபடி பின்னால் வர வேண்டும். சாதாரணக் கார்கள் நாலைந்து லிட்டரில் அடங்கிவிடும்போது இது பத்து லிட்டருக்கு மேல் ஆயில் கேட்பதன் காரணங்களில் இந்த யாத்திரையும் ஒன்று.

911இன் ஆயில் வரலாற்றில் 1972 மாடலுக்குத் தனி இடம் உண்டு. அந்த வருஷம் ஆயில் டேங்கை வலது பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஆயில் ஊற்றுவதற்கு வலது கதவுக்குப் பின்னால் வெளிப்புறத்தில் ஒரு சின்ன மூடிக் கதவு வைத்தார்கள். எடை சரியாகப் பங்கிடப்படும் என்பது பொறியாளர்களின் கணக்கு. பெட்ரோல் பங்க் ஊழியர்களின் கணக்கு வேறு: வெளியே மூடிக் கதவு இருந்தால் அது பெட்ரோல் ஊற்றத்தான். ஊற்றினார்கள். அடுத்த வருஷமே டேங்க் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

தண்ணீர் இல்லாத எஞ்சினில் ஆயிலே ரேடியேட்டர் வேலையையும் பார்க்கும் என்பதற்குத் தமிழ் வாசகர் ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி ஆகிய இரண்டும் கூலர் வைத்தவைதான்.

மூன்றாம் சான்று கருதுகோளுக்கே எதிரானது. நேர்மையான ஆய்வு என்பதால் சேர்க்கப்படுகிறது. 2009 மாடலாக வந்த நிசான் 370 இசட்டின் முகப்பில் மூன்று சிறு வட்டங்கள்: கடிகாரம், வோல்ட் மீட்டர், ஆயில் சூட்டு மீட்டர். எஞ்சின் 3.7 லிட்டர் வி6. ஆயில் கூலர் இல்லை. ரேஸ் டிராக்கில் சில சுற்று விரட்டினால் முள் 140 டிகிரியை நெருங்கும். உடனே கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வேகத்தைப் பிடித்து இழுத்துவிடும். சூட்டைச் சொல்லக் கருவி இருந்தது, தணிக்கத்தான் ஆள் இல்லை. பின்னாளில் சில வகைகளுக்குக் கம்பெனியே கூலர் பொருத்தியது. இங்கே கூலர் வாங்கியவர்களைக் குறை சொல்ல இடமில்லை. காரணம், அவர்கள் முள்ளைப் பார்த்தபின் வாங்கினார்கள்.

4. சம்பிரதாய பேதங்கள்

கூலர் பொருத்துவோரிடையே மூன்று வழக்குகள் ஓயாமல் நடக்கின்றன.

முதலாவது, தெர்மோஸ்டாட் வேண்டுமா, வேண்டாமா. வேண்டும் என்போர், ஆயில் சுமார் 80 டிகிரியை எட்டும் வரை அதைக் கூலர் பக்கம் விடக்கூடாது என்பார்கள். வேண்டாம் என்போர், ஒரு பாகம் குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும் என்பார்கள். இரண்டுமே உண்மை. ரேஸுக்கு மட்டுமே போகும் காருக்குப் பின்னவர் வாதம் பொருந்தும். சாலையில் ஓடும் காருக்கு முன்னவர் வாதமே செல்லும்.

இரண்டாவது, கூலரை எங்கே வைப்பது. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் நல்ல காற்று கிடைக்கும். ஆனால் ஆயில் விட்ட சூட்டை ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும். ஃபெண்டருக்குள் ஒதுக்கினால் ரேடியேட்டர் தப்பிக்கும். கூலருக்குச் சேறும் சரளைக்கல்லும் கிடைக்கும். எங்கே வைத்தாலும் காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி என இரண்டும் வேண்டும். வருவதற்கு மட்டும் அழகாக ஓட்டை போட்டுவிட்டு, போவதற்கு வழி விடாத கூலர்கள் ஏராளம். அவை பார்வைக்குக் குளிர்ச்சி.

மூன்றாவது வழக்கு, கூலரின் இரண்டு வாய்களும் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்கலாமா என்பது. காஞ்சிபுரம் கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று நடந்த வழக்கின் வேகத்துக்கு இது சற்றும் குறைந்ததன்று. ஆனால் இதற்குத் தெளிவான தீர்ப்பு உண்டு. வாய் மேலே இருந்தால் உள்ளே சிக்கிய காற்று தானாக வெளியேறும். கீழே இருந்தால் மேற்பகுதியில் காற்று தங்கி, அந்த அளவுக்குக் கூலர் சும்மா இருக்கும். வாய்கள் பக்கவாட்டில் பார்க்கும்படி வைக்க நேர்ந்தால் ஆயில் கீழ்வாய் வழியே நுழைந்து மேல்வாய் வழியே வெளியேற வேண்டும்.

5. செய்முறையும் அதன் வேதனைகளும்

ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் என்ற வட்டத் தகட்டை வைத்து, அதிலிருந்து இரண்டு ஹோஸ்களைக் கூலருக்கு இழுக்க வேண்டும். விற்பவர் அரை நாள் வேலை என்பார். அவர் காரில் கூலர் இருக்காது.

முதல் கண்டம் மரையில். ஃபில்டர் மரைகளில் பரவலானவை இரண்டு: 3/4 அங்குலம்-16 யுஎன்எஃப், எம்20x1.5. முன்னதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், பின்னது 20. மரைக்கு மரை இடைவெளி முன்னதில் 1.59 மில்லிமீட்டர், பின்னதில் 1.5. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 3/4 அங்குலப் போல்ட்டை எம்20 மரைக்குள் விட்டால் லேசாக ஆடிக்கொண்டே ஏறவும் செய்யும், ஓரளவு இறுகினாற்போலும் இருக்கும். ஆனால் மேலும் முறுக்கினால் மரை வழன்றுவிடும். அப்படியே விட்டால் ஆயில் பிரஷர் ஏறியதும் ஃபில்டரோடு கழன்று, நாலு லிட்டர் ஆயிலும் சில விநாடிகளில் சாலைக்கு வந்துவிடும். அந்த லேசான ஆட்டம் கையில் பட்ட கணத்திலேயே நிறுத்திவிடுகிறவரே உண்மையான மெக்கானிக்.

இரண்டாம் கண்டம் ஹோஸ். எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் பளபளப்பாக இருக்கும் என்பதற்காகவே வாங்கப்படுகிறது. வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றி, பொடிப்பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். டேப் தளர்ந்தால் பின்னல் விரிந்து, மெல்லிய கம்பி நுனிகள் விரல் நுனியில் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ரத்தப் பொட்டு மட்டும் தெரியும். பொருத்திய பிறகு அதே பின்னல் எதன்மேல் உரசினாலும் அரம்தான். பெயின்ட், அலுமினியம், பிரேக் பைப் என்று பேதமில்லாமல் தேய்த்துவிடும். ஆகவே உரசும் இடமெல்லாம் ரப்பர் கிளாம்ப் போடுவது அவசியம்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. கூலரும் ஹோஸும் காலியாக இருக்கின்றன. ஆயில் அவற்றை நிரப்பி முடிக்கும்வரை பேரிங்குகள் காய்ந்து கிடக்கும். ஃபியூயல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, குறைந்த ஆயிலை ஊற்றி, காருக்கு அடியில் பழைய நியூஸ் பேப்பர் விரித்து, மறுநாள் காலை வந்து பார்க்க வேண்டும். பேப்பரில் கறை இல்லாவிட்டால் வேலை முடிந்தது.

6. தடையும் விடையும்

தடை: தண்ணீர் மீட்டர் முள் நடுவிலேயே நிற்கிறது, ஆயில் மட்டும் எப்படிக் கொதிக்கும்? விடை: பல நவீன கார்களில் அந்த முள் நடுவில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீருக்குத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் உண்டு. ஆயிலுக்கு அப்படிக் காவல் இல்லாத கார்களில் அது தன் போக்கில் ஏறும்.

தடை: கூலர் பொருத்தினால் குதிரைசக்தி கூடுமா? விடை: கூடாது.

தடை: எஞ்சின் பழுதான காரிலிருந்து கழற்றிய கூலர் மலிவாகக் கிடைக்கிறதே? விடை: அந்த எஞ்சினின் பேரிங் துகள்கள் கூலரின் குறுகிய வழிகளில் ஒட்டியிருக்கும், எத்தனை கழுவினாலும் முழுவதும் போனதாக நம்ப முடியாது. புது எஞ்சினோடு அதைச் சேர்ப்பது வேண்டாத வினை.

7. ஆய்வு முடிவு

ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் காருக்குத் தனி ஆயில் கூலர் தேவையில்லை. டிராக்கில் அரை மணி நேரம் விரட்டி ஆயில் 120 டிகிரியைத் தாண்டி நிற்கும் காருக்குத் தேவை. சாலையிலும் ஓட்டுவதானால் தெர்மோஸ்டாட்டோடு. தம்முடைய கார் இரண்டில் எந்த வகை என்று தெரியாதவர்கள் முதலில் ஓர் ஆயில் சூட்டு மீட்டர் வாங்கிப் பொருத்தவும். கூலரைவிட அது விலையும் குறைவு, ஒழுகும் இடமும் குறைவு.