"செட்டு போச்சு" எனும் கூற்று குறித்துச் சிற்றாராய்ச்சி

விசைப்படகின் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டுக்கு வரும் நோய்களை முன்னோர் வகைப்படுத்தி வைக்கவில்லை. அக்குறையைத் தீர்க்க இக்கட்டுரை முயல்கிறது. ஆராய்ச்சிக் களம், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம். ஆராய்ச்சிப் பொருள், "அண்ணாச்சி, செட்டு போச்சு" என்ற ஒற்றை வாக்கியம்.

இவ்வாக்கியம் மெய்யாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் செட்டு போவதில்லை; செட்டுக்குப் போகிற ஒயர்தான் போகிறது.

"மத்தவன் பேசுறது நல்லா கேக்கு அண்ணாச்சி. நாம பேசுறதுதான் ஒருத்தனுக்கும் கேக்கல."

இந்தத் துயரம் வயர்லெஸ் வைத்திருப்போருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் செட்டைப் பொறுத்தவரை இதற்குக் கணக்கு உண்டு. சும்மா கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர் அளவு போதும். 25 வாட்டில் பேசத் தொடங்கினால் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். ஃபியூஸ் கூட்டில் உப்பேறி அரை ஓம் தடை உண்டாகியிருந்தால், 5 ஆம்பியருக்கு 2.5 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து செட்டுக்கு வந்து சேர்வது 9.5. சும்மா மீட்டர் வைத்தால் ஏறக்குறைய முழு வோல்டேஜும் காட்டும். அப்போது யாரும் பேசவில்லை. ஆகவே மைக்கை அமுக்கிக்கொண்டே அளக்க வேண்டும் என்பது விதி. ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு மாட்டிவிட்டு அமுக்குவது உபவிதி. கடலோரக் காவல் படை காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் 16-ஆம் சேனலில் "ஹலோ ஒன் டூ த்ரீ" ஓதுவதை எந்த விதியும் ஏற்கவில்லை.

ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைக்கும் மரபும் உண்டு. இதன்பின் ஃபியூஸ் போகவே போகாது. அதற்குப் பதிலாகப் போகக்கூடியவற்றில் படகும் அடக்கம்.

அடுத்தது ஆன்டெனா கேபிள். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள்: அது செம்போடு கூடவே பிறந்தது. கேபிளின் கறுப்பு உறையைக் கீறினால் உள்ளே பின்னிய செம்புக் கம்பி பச்சையாகவும் கறுப்பாகவும் நிற்கும். இந்தக் களிம்பு அநாதியானதன்று. கனெக்டர் வாயில் டேப் சுற்றாமல் விட்ட அன்று பிறந்தது. கம்பிக்குக் கம்பியாகத் தண்ணீரை உறிஞ்சி வெகுதூரம் பயணம் செய்திருக்கும். வாட்டெல்லாம் அங்கேயே சூடாகிக் கரையும். கொஞ்சம் செட்டுக்கே திரும்பியும் வரும். இங்கே ஒரு வழுக்குப்பாறை உண்டு. ஆன்டெனாவோடு சேர்த்து ஓம் மீட்டர் வைத்து, "நடுக்கம்பியும் உறைக்கம்பியும் ஷார்ட்" என்று கண்டுபிடித்து நல்ல கேபிளை வெட்டி எறிந்த மேதைகள் பலர். சில ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படி. மீட்டரின் மின்சாரத்துக்கு ஷார்ட், 156.8 மெகாஹெர்ட்ஸுக்கு அல்ல.

இனி மைக். ஈரத்தில் பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொண்டால் செட்டு ஓயாமல் ஒலிபரப்பும். அனுப்பும்போது அது எதையும் கேட்காது. எனவே படகுக்காரருக்கு நிசப்தம். செட்டு போச்சு என்று முடிவுகட்டி, விற்றவனையும் படகோட்டும் சுறாங்கையும் சம்பந்தியையும் அவர் வாழ்த்துவது சுற்றுவட்டாரப் படகுகள் அனைத்துக்கும் தெளிவாகக் கேட்கும். எஃப்.எம். முறையில் வலுத்த குரல் இளைத்த குரலை விழுங்கிவிடும். ஆதலால் அவரை அடக்கவும் வழியில்லை. சில செட்டுகள் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துத் தாமே வாயை மூடிக்கொள்ளும். சம்பந்திக்கு அதற்குள் செய்தி போய்விடும்.

செட்டின் தலையில் தட்டுவது தனிச் சிகிச்சை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது இதற்குப் பிரமாணம். உள்ளே ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் இருந்தால் தட்டியதும் பேசும், அடுத்த அலையில் நிற்கும். தட்டினால் பேசுகிறது என்பது நோயின் குறி. அதை மருந்து என்று எடுத்துக்கொள்வதால்தான் மேல்தகடு பள்ளமாகிறது.

கடைசியாகக் கட்டணம். கனெக்டரை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்துத் தந்தால், "ஒயரைத்தானே தொட்டீங்க, இதுக்குப் போய் காசா?" என்பார் உரிமையாளர். எனவே அனுபவசாலிகள் முதலில் ஒயரைச் சரிசெய்துவிட்டு, அவர் கண்ணெதிரில் செட்டின் திருகாணிகளைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து உற்றுப் பார்த்து, "ம்" என்று சொல்லி, ஒருமுறை ஊதி, மறுபடி முடுக்கிக் கொடுப்பார்கள். அதன்பின் பேரம் நடப்பதில்லை.